கிறித்துவ நூல்கள் கூறும் நடுத்தீர்வையும் மறுமைப் பேறும்

பிறர் மதத்தை மறுக்கப் புகுவார், முதற்கண், அம்மதத்தினர் தாமே 'யாம் கூறுவது இதுவே' என ஒப்புமாறு அதனை எடுத்தோதல் வேண்டும் என்பது எம் ஆசிரியர் எமக்குக் கற்பித்த முறை. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் பரபக்கத்துள் உலகாயதன் முதலிய ஒவ்வொருவர் கொள்கையையும் அவரவர் கூற்றாகவே நிறுத்தி, அதன் பின்னரே மறுப்புரைத்தலை அந்நூல் பயின்றார் அறிவர். மடத்தில் இருந்து பாடங்கேட்ட காலத்தில் இம்முறையை வாயாற் சொல்லிக் கொண்டிருந்த யான், கிறித்துவர் மறுமைக் கொள்கையைப் பற்றிப் பேசநேர்ந்த இடமெல்லாம் இதனைக் கைவிட்டேன். முப்பதாண்டுக் காலம் மேடையினும் வகுப்பினும் யான் நிகழ்த்திய தடைகள் இரண்டு. ஒன்று, அவர் கூறும் பரலோகம் நம் நூல்கள் கூறும் சுவர்க்கம் போன்றதொரு போகபூமியே, செய்த நன்மைக்கு அளந்து கொடுக்குங் கூலியே என்பது. மற்றொன்று, அளவுட்பட்ட வினைக்கு அளவில்லாத தண்டம் விதிக்கும் முதல்வன் நடுவுநிலையன் ஆகான் என்பது. இவற்றுள் முதலாவதை இக்கட்டுரையில் முழுதும் மீட்டுக்கொள்ளுகின்றேன். இரண்டாவதை யான் சொல்லிவந்த வடிவில் மீட்டுக்கொண்டு, வேறொரு வடிவில் நிறுத்துகின்றேன். காரணம் வருமாறு.

சொற்களினின்று தொடங்குதல் தமிழாசிரியர்க்கு இயல்பு. சீர்திருத்த சபையார் பரலோகம், நியாயத்தீர்ப்பு, நித்திய ஜீவன் என்பர். உரோமை சபையார் மோட்சம், நடுத்தீர்வை, பேறுபலன், உத்தரிக்கிற ஸ்தலம் என்னுஞ் சொற்களை நெடுங்காலம் வழங்கி வந்தனர். இவற்றுள் நடுத்தீர்வை என்பது மிக அழகியதொரு சொல். நடு என்பது ஒருபாற் கோடாமையை உணர்த்துதலின், வழக்குமன்றத்துத் தீர்ப்பு என்பதினும் இஃது ஆழமுடைத்து. ஆனால் 'மோட்சம்', 'பலன்' என்னும் இரண்டு சொற்களுமே எம்மனோரை வழிதப்பச் செய்தன. மோட்சம் என்றவுடன் பாசநீக்கத்தை நினைப்போம். அவர் அதனைச் சொல்லுமிடத்துப் பாவநீக்கமும் தெய்வக்காட்சியும் கருதப்படும். பலன் என்றவுடன் வித்தும் விளைவுமாகிய வினைமுறையை நினைப்போம். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் துன்புறுத்தப்பட்டோர்க்குப் பரலோகத்தில் உள்ளதாகச் சொல்லப்படுவதும், இருபதாம் அதிகாரத்தில் திராட்சத் தோட்டத்து வேலையாட்களுக்குக் கொடுக்கப்படுவதும் கிரேக்க மூலத்தில் மிஸ்தொஸ் என்னும் ஒரே சொல்லாற் குறிக்கப்படுவன. பழைய தமிழ் விவிலியத்தார் முன்னதைப் 'பலன்' என்றும் பின்னதைக் 'கூலி' என்றும் இருவேறாக மொழிபெயர்த்தனர். தமிழ்ச் செவிக்கு அது நன்றே. ஆயினும், பலன் என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு, வித்தினின்று முளை தோன்றுமாறுபோலச் செயலினின்று பரலோகம் தோன்றும் என்பது கிறித்துவர் கொள்கை என யாம் வாதித்தது சொல்லளவில் நின்ற வாதமேயாம்.

மூலச்சொல் கூலியெனின், யான் நிகழ்த்திய முதற்றடை வலுப்பெறுமன்றோ எனின், அன்று. அத்திராட்சத் தோட்டக் கதையே அதற்கு விடை. விடியலில் வந்தாரும், மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி வேளைகளில் வந்தாரும், பொழுதுசாய ஒரு மணி நேரமே இருக்கப் பதினோராம் மணி வேளையில் வந்தாரும் ஒரே காசு பெற்றனர். முந்தி வந்தோர் முறுமுறுக்கின்றனர். உடையவனோ தான் பேசியபடி கொடுத்ததாகவும், பிந்தினவர்க்கு ஈந்தது தன் விருப்பம் எனவும் கூறுகின்றான். உழைப்பின் அளவுக்கு ஊதியம் என்னும் நெறியைக் கூலி என்னும் சொல்லாலேயே இக்கதை உடைத்துவிடுகின்றது. கூலி என்று தொடங்கிக் கொடை என்று முடிகின்றது.

இனி அவர் கொள்கையை அவர் கூறுமாறே நிறுத்துதும். உயிர் ஒரே முறை உடம்பெடுக்கும், ஒரே முறை இறக்கும், பின் தீர்வை. உரோமை சபையார் இத்தீர்வையை இரண்டாக வகுப்பர். இறந்தவுடன் ஒவ்வோருயிர்க்கும் நிகழ்வது தனித்தீர்வை. உலக முடிவில் மரித்தோர் அனைவரும் உடம்போடு எழுந்து நிற்க நிகழ்வது பொதுத்தீர்வை. ஐசுவரியவானும் லாசருவும் என்னும் கதையும், சிலுவையில் உடன் தொங்கிய கள்ளனுக்கு அன்றே பரதீசு வாக்களிக்கப்பட்டதும் முன்னதற்குச் சான்று. மேய்ப்பன் செம்மறியாடுகளையும் வெள்ளாடுகளையும் பிரித்து நிறுத்துவதாக மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரத்தில் வருவது பின்னதற்குச் சான்று. சீர்திருத்த சபையாருட் பலர் இவ்வகுப்பை இத்துணை விரித்துரையார். உத்தரிக்கிற ஸ்தலத்தை அவர் அறவே கொள்ளார்.

தீர்வை இரண்டெனின் ஓர் ஐயம் எழும். பொதுத்தீர்வைக்கு முன் நல்லுயிர்கள் யாது பெறுகின்றன? இவ்வையம் எம்மனோர் எழுப்பியது அன்று. அவர்தம் தலைமைப்பீடத்திலேயே எழுந்தது. பாப்பரசர் 22ஆம் யோவான், அவிஞோன் நகரில், 1331ஆம் ஆண்டு புனிதர் அனைவர் திருநாளன்று தொடங்கி ஆற்றிய சில பிரசங்கங்களில், உலக முடிவுக்கு முன் புனிதருடைய உயிர்களும் இறைவன் சொரூபத்தைக் காணா என்று கூறினார். பாரிசுப் பல்கலைக்கழகத்துச் சமயநூற் புலவர் இதனை எதிர்த்தனர். பாப்பரசர் 1334ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், இறப்பதற்கு முந்தின நாள், தம் கூற்றை மீட்டுக்கொண்டார். அவருக்குப்பின் வந்த 12ஆம் பெனதிக்து 1336ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் ஒரு தீர்மானத்தை வெளியிட்டு வழக்கை முடித்தார். கழுவாய் வேண்டாத உயிர்கள் இறந்தவுடனும், கழுவாய் வேண்டுவன அது முடிந்தவுடனும், பொதுத்தீர்வைக்கு முன்னரே, இறைவனுடைய சொரூபத்தை நேருக்கு நேராக, படைக்கப்பட்ட பொருள் எதுவும் இடைநில்லாது காணும் என்பது அத்தீர்மானத்தின் சாரம். பெரும்பாவத்தோடு இறந்தோர் உடனே நரகம் புகுவர் என்பதும் அதிலேயே உண்டு.

ஒரு சமயத் தலைவர் மேடையிற் பேசியதை அச்சமயத்துப் புலவரே மறுப்பதும், அவர் இறுதிக் கட்டிலில் மீட்பதும் எளிய நிகழ்ச்சிகள் அல்ல. யான் என் பிழையை மீட்கத் துணிந்ததற்கு இந்நிகழ்ச்சியைப் படித்ததும் ஒரு காரணம் என்று சொல்ல நாணமில்லை.

நிற்க. இத்தீர்மானத்தைக் கொண்டு நோக்கின், அவர் கூறும் பேறு யாது? பொன்மயமான நகரமும் வெண்ணிற உடையும் வாடாத முடியும் வெளிப்படுத்தின விசேஷம் முதலிய நூல்களில் வருவன உருவகம். பொருள் இறைவனைக் காண்டலே. இந்திரலோகத்து அரம்பையரும் அமுதும் இதற்கு நிகரல்ல. புண்ணியம் தேய்ந்தவழி மீளுதலும் இதன்கண் இல்லை. பாவம் இரும்புவிலங்கும் புண்ணியம் பொன்விலங்கும் ஆம் என நம்மவர் கூறும் உவமையைக் கொண்டு இதனை இடிக்கலாகாது. அவர்க்கு இறுதிப்பேறு இறைவனின் வேறாயதொரு பொருள் அன்று. இன்னும், அக்காட்சி உயிரின் தன்முயற்சியால் எய்தப்படாது என்பர். அக்குவினா தோமையார், படைக்கப்பட்ட அறிவு தன் ஒளியால் இறைவனைக் காணவல்லது அன்று. இறைவனே அருளும் மகிமை ஒளியால் உயர்த்தப்பட்டே காணும் என்பர். கண் தானே காணமாட்டாது, உயிர் நின்று காட்டக் காணும். அவ்வாறே உயிரும் முதல்வன் காட்டக் காணும் என்று சிவஞானபோதத்துப் பதினோராஞ் சூத்திரம் அறிவுறுத்துவதைக் கற்றவர் இதனைக் கேட்டு முறுவலிப்பர். பரலோகமாவது கூலிச் சுவர்க்கம் என்னும் என் முதற்றடை இங்ஙனம் ஒழிந்தது.

நன்மை செய்தார் அப்பேற்றைத் தம் நன்மையால் ஈட்டினாரா, அருளால் பெற்றாரா? இவ்வினாவே மேலைநாட்டுச் சபையை இரண்டாகப் பிளந்தது. 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அகுஸ்தீனார், இறைவன் நம் நற்செயல்களுக்கு முடிசூட்டுகையில் தன் கொடைகளுக்கே முடிசூட்டுகின்றான் என்னும் கருத்தை நிறுவினார். உத்தரிக்கிற ஸ்தலத்து வேதனையைக் குறைக்கும் மன்னிப்புச் சீட்டுகள் செருமனியில் விலைக்கு வந்தபோது, லூத்தர் 1517ஆம் ஆண்டு 95 வாசகங்களை வெளியிட்டு எதிர்த்தார். பின்னர் விசுவாசம் ஒன்றாலேயே மனிதன் நீதிமான் ஆவான் என்று நிறுவப் புகுந்தார். திரெந்துச் சங்கத்தார் 1547ஆம் ஆண்டு, அருளின்வழி நின்று செய்யும் செயல் மெய்யாகவே பேறுபலன் உடையது, ஆயினும் அதுவும் இறைவன் கொடையே எனத் தீர்மானித்தனர். லூத்தரன் சபைகளின் உலகக் கூட்டமைப்பாரும் உரோமை சபையாரும் 1999ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் ஆகுசுபர்க்கு நகரில், இவ்விடயத்தின் அடிப்படைகளில் ஒருமைப்பட்டதாகக் கைச்சாத்திட்டனர். நானூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கு! நம்மவருள் அருட்சத்தி முந்தோ உயிரின் பக்குவம் முந்தோ என வாதிடுவார் இவ்வரலாற்றை ஒருமுறை படித்தல் நலம்.

இவ்வழக்கினும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது செம்மறியாடு வெள்ளாடு பற்றிய அப்பகுதியே. பசித்த எனக்கு உணவிட்டீர், ஆடையற்ற எனக்கு உடுத்தீர், சிறையிலிருந்த என்னை வந்து கண்டீர் என அரசன் கூற, வலப்பக்கத்தார் தாம் எப்பொழுது அங்ஙனம் செய்தோம் என வியந்து வினவுகின்றனர். எளியார்க்குச் செய்ததே தனக்குச் செய்தது என அவன் விடை கூறுகின்றான். பலனை நோக்கிச் செய்தவராயின் அவர் வியவார். மாகேசுர பூசையின் இயல்பறிந்தார்க்கு இதன் சுவை தெரியும்; நடமாடுங் கோயிலுக்கு ஈந்தது படமாடுங் கோயிலுக்கு எய்தும் என்னும் நெறி நம் பழைய சொத்து. இப்பகுதியைப் படிக்குங்கால் இடப்பக்கத்தார் நிலை என்னை அச்சுறுத்துவது உண்டு. அவரும் 'எப்பொழுது' என்றே வினவுகின்றனர். இருசாராரும் அறியார். ஒருசாரார் செய்ததை அறியார். மற்றவர் செய்யாததை அறியார்.

வினைப்பயன் தானே வந்து செய்தவனைச் சேரும், சேர்ப்பான் ஒருவன் வேண்டா என்பார் மீமாஞ்சகரும் புத்தரும் சமணரும். வினை சடமாதலின் தன்னையும் அறியாது, செய்தவனையும் அறியாது. ஆதலின் அறிந்து கூட்டுவான் ஒருவன் வேண்டும் என்பது நம் துணிபு. சாக்கிய நாயனார் புத்தர் நெறியினின்று நீங்கியது இவ்வுண்மை கண்டேயாம். தீர்ப்பவன் ஒருவன் உளன் என்னும் அளவில் கிறித்துவரும் நாமும் ஒரு திண்ணையில் இருக்கின்றோம். வேற்றுமை எங்கே தொடங்குகின்றது எனின், தீர்ப்பு எதன்பொருட்டு என்னுமிடத்தில்.

இரண்டாவது தடைக்கு வருவாம். சில ஆண்டு செய்த பாவத்திற்கு முடிவில்லாத நரகமா என்று வினவி அவையோரைக் கைகொட்டச் செய்தல் எளிது, யானும் செய்தேன். அகுஸ்தீனார் இதற்குப் பண்டே விடை கூறினார். குற்றம் செய்தற்குக் கழிந்த காலத்தால் தண்டத்தின் காலம் அளக்கப்படுவதில்லை என்பது அவ்விடை. மக்கள் சட்டத்தும் அங்ஙனமே. ஒரு நொடியிற் கொலைசெய்தவன் வாணாள் முழுதும் சிறையிலிருத்தலை யாரும் கணக்குப் பிழை என்னார். உரோமை சபையார் 1992ஆம் ஆண்டு வெளியிட்ட மறைக்கல்வி நூல் இன்னும் நுண்ணிதாகக் கூறும்: நரகமாவது, இறைவனோடு கூடியிருத்தலினின்று உயிர் தன் விருப்பத்தாலேயே தன்னை விலக்கிக்கொண்டு நிற்கும் நிலை என்பது. பாவம் முடியாதவழித் தண்டமும் முடியாது என்றவாறு. ஆகலின் அளவுட்பட்டதற்கு அளவில்லாதது என்னும் என் தடை அவர் கொள்கையைத் தொடவில்லை. யானே கட்டிய வைக்கோற்பாவையைத்தான் யான் சுட்டேன்.

அற்றேல், உயிரின் விருப்பம் இறந்தபின் ஏன் திரும்பாது? இதுவே வினவற்பாலது. உடம்போடு கூடியுழியே மனம் மாறும்; உடம்பு நீங்கியவழி எந்த முடிவைப் பற்றி நின்றதோ அதிலேயே உயிர் நிலைத்துவிடும் என்பது தோமையார் விடை. நன்று. ஆனால் பொதுத்தீர்வையில் உடம்பு திரும்ப வருகின்றதே! மாறுதற்குக் கருவியாகிய உடம்பு மீண்டவழி மாற்றமும் மீளாதோ எனின், அவ்வுடம்பு உயிரின் வழிப்பட்டதேயன்றி உயிர் அதன் வழிப்படாது. ஆகலின் மாற்றம் இல்லை என்பர். இங்கேயே யான் உடன்படமாட்டேன். தநு கரண புவன போகங்கள் ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு விளக்கெனத் தரப்பட்டவை என்பது நம் நூல்களின் துணிபு. அறிதற்கும் திருந்துதற்கும் அன்றி, வருந்துதற்கு மட்டுமே ஓர் உடம்பு கொடுக்கப்படுமாயின், அது விளக்கன்று, சுடும் நெருப்பு மட்டுமே. தண்டத்தைத் தந்தை மகனை ஒறுத்தல் போன்றதும் மருத்துவன் வாளால் அறுத்தல் போன்றதும் எனக் கூறும் நாம், நோய் தீராதெனத் துணிந்தபின்னும் அறுத்துக்கொண்டே இருக்கும் மருத்துவனை யாதென்று சொல்வோம்?

இத்தடை நமக்கே உரியதும் அன்று. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் விளங்கிய ஒரிகெனார், இறைவன் தண்டம் தூய்மை செய்வது. ஆதலின் முடிவில் எல்லாம் மீளும் எனக் கருதினார். அக்கொள்கை 6ஆம் நூற்றாண்டில் விலக்கப்பட்டது. ஆயினும் அதனையொத்த நம்பிக்கை உடையராயிருந்த நீசா நகரத்துக் கிரகோரியாரை அச்சபையார் இன்றும் புனிதராகப் போற்றுகின்றனர். உரோமை சபையார் கொள்ளும் உத்தரிக்கிற ஸ்தலமோ, இறந்தபின்னும் உயிர் தூய்மையுறும் என்பதற்கு அவரே தரும் சான்று. பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் பொன், வெள்ளி, விலையேறிய கல், மரம், புல், வைக்கோல் இவற்றால் கட்டியவற்றை அக்கினி சோதிக்கும் என்றும், கட்டியது வெந்தாலும் கட்டியவன் அக்கினியினூடே தப்புவான் என்றும் கூறுமிடத்தை அதற்கு ஆதாரமாகக் காட்டுவர். மரத்தையும் வைக்கோலையும் எரிக்கும் நெருப்பு, காலம் பெறின், இரும்பையும் உருக்கும் அன்றோ? மறுபிறவி உண்டு என்பார்க்குக் காலம் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் மதுரையில் வாழ்ந்த தத்துவ போதக சுவாமியாகிய தெ நோபிலியார் மறுபிறப்பை மறுத்துத் தமிழிலேயே தனி நூல் எழுதியது, இவ்விடமே தூண் என்பதை அவர் உணர்ந்திருந்தமையான் ஆகும். நாவலர் பெருமானும் பெர்சிவல் பாதிரியாரோடு விவிலியத் தமிழாக்கத்தில் உழைத்து, அந்நூலை எழுத்தெழுத்தாக அறிந்தபின்னரே 1854ஆம் ஆண்டு சைவ தூஷண பரிகாரத்தை வெளியிட்டார். அக்காலத்து இருபாலும் படித்துவிட்டுச் சண்டையிட்டனர்.

இனிப் பேற்றின் தரம். புளோரன்சுச் சங்கம் 1439ஆம் ஆண்டு, இறைவனைக் காணும் உயிர்களுள்ளும் பேறுபலனின் வேறுபாட்டால் ஒன்று மற்றொன்றினும் நிறைவாகக் காணும் என்று தீர்மானித்தது. நம் நூல்களில் சாலோகம், சாமீபம், சாரூபம் எனும் பதமுத்திகளில் தரம் உண்டு. மலம் அறவே நீங்கிய பரமுத்தியில் தரம் சொல்லப்படாது. இருளே இல்லாதவழி ஒளியில் ஏற்றக்குறைவு எங்ஙனம்? லிசியே நகரத்துத் தெரேசம்மாள் சரிதம் 1898ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன்கண், இவ்வையத்தைச் சிறுமியாகிய தெரேசம்மாள் கேட்க, மூத்த சகோதரி தந்தையாரின் பெரிய குவளையையும் தையற்காரர் விரலிலிடும் அங்குஸ்தானையும் நீரால் நிரப்பி, எது அதிகம் நிறைந்தது என வினவியதாக உளது. இரண்டும் நிறைவே, குறை எதற்கும் இல்லை. இவ்வுவமையின் இனிமைக்கு நான் தலைவணங்குகின்றேன். ஆனால் அங்குஸ்தானைச் சிறிதாகச் செய்தது யாது? ஒரே பிறவியில், ஒருவன் பெற்ற வாணாளில், அவன் செய்த அன்பு. அவ்வாணாள் மூன்று நாளாயின்?

இவ்வினா எனக்கு நூலிலிருந்து வந்தது அன்று. என்னோடு ஒரே பள்ளியில் தமிழ் கற்பித்த உரோமைக் கிறித்துவ நண்பர் ஒருவர்க்கு 1989ஆம் ஆண்டு பிறந்த பெண்மகவு மூன்றாம் நாள், ஞானஸ்நானம் பெறுமுன் இறந்தது. அங்ஙனம் இறக்கும் குழவிகள் வேதனையும் இன்றித் தெய்வக்காட்சியும் இன்றி ஒரு புறவிடத்தே இருக்கும் என்பது இடைக்காலத்துப் புலவர் பலர் கருத்து. அது சபையின் முடிந்த தீர்மானம் அன்று. எனினும் ஊர்களில் உறுதியாக வழங்கியது. நண்பர் என்னிடம், "ஐயா, உங்கள் சாத்திரம் இதற்கு என்ன சொல்லும்?" என்றார். யான் சிறிதும் தாழாது, "முன்வினை" என்றேன். அவர் ஒன்றும் கூறாது சுண்ணக்கட்டியைக் கையிற் புரட்டிக்கொண்டிருந்து, மணி அடித்தவுடன் வகுப்புக்குப் போயினார்.

விடை சாத்திரப்படி தவறன்று. ஆயினும் வினையை மட்டும் சொல்லி, அதனைச் சேர்ப்பவனைச் சொல்லாது விட்டேன். சேர்ப்பவன் இல்லாத வினையைக் கூறுதல் மீமாஞ்சகன் மதம். அன்று அத்தந்தைமுன் யான் சைவனாக நின்றேன் அல்லேன். அம்மகவின் உயிர்க்கு வாயில் அடைபடவில்லை, மூன்று நாளும் அவ்வுயிர்க்குக் கணக்கில் உண்டு, எடுத்தவன் வளர்ப்பான் என்பதைச் சொல்ல நம் நூல்களில் இடம் இருந்தது, நான் சொல்லவில்லை.

2007ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் உரோமை சபையின் பன்னாட்டுச் சமயநூற் குழுவார் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டு, ஞானஸ்நானம் பெறாது இறக்கும் குழவிகள் மீட்புற்று இறைவனைக் காணும் என நம்புதற்குத் தக்க ஆதாரங்கள் உள்ளன என்றனர். துணிந்துரைக்கவில்லை, நம்பலாம் என்றனர். நண்பர் அச்செய்தி வந்த நாளிதழை மடித்து எடுத்துக்கொண்டு, வெயிலில் நடந்து, என் இல்லத்திற்கு வந்தார். கண்ணாடி கொண்டுவர மறந்துவிட்டதாகச் சொல்லி, என்னையே படிக்கச் சொன்னார். படித்தேன். இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார். அதன்பின் இருவரும் பிள்ளைப்பேறு பற்றியோ சமயம் பற்றியோ ஒன்றும் பேசவில்லை. அவர் நீர்மோர் அருந்திவிட்டு, அத்தாளை என்னிடமே விட்டுச் சென்றார். அஃது என் சிவஞான சித்தியார்ப் பிரதியினுள், பரபக்கம் முடிந்து சுபக்கம் தொடங்குமிடத்தே இன்றும் இருக்கின்றது.